கேட்பாரற்ற பிள்ளை நம் ஊரில் வேண்டாம்



வேலை முடிந்து வீடு திரும்பி, பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் இந்த மாலை வேளையில், அந்தப் பிள்ளைகளைப் பற்றியே உங்களோடு சற்று நேரம் பேச விரும்புகிறேன். குறிப்பாக, பன்னிரண்டு வயதைத் தாண்டி இருபது வயதை எட்டாத நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகளைப் பற்றி.

உங்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பால்மரம் வெட்டப் பழகிய நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உளியைக் கையில் கொடுத்து, "போ, நிரையில் போய் வெட்டு" என்று யாரும் உங்களை அனுப்பிவிடவில்லை. அம்மாவோ, மாமாவோ, அனுபவப்பட்ட ஒரு தொழிலாளியோ பக்கத்தில் நின்றார். உளியை எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், எவ்வளவு ஆழம் போகலாம் என்று கையைப் பிடித்துக் காட்டினார். மேலோட்டமாகச் சீவினால் மங்கில் பால் சேராது. ஆழமாகப் போய்விட்டால் பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய உயிர்ப்படலத்தில் காயம் பட்டுவிடும். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும்; பின்னாளில் அங்கே உளி ஒழுங்காக ஓடாது. உயிர்ப்படலத்தைத் தொடாமல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து வெட்டும் அந்தக் கைப்பழக்கத்தை யாரும் புத்தகம் படித்து அடையவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்றதால் வந்தது அது.

ஒரு மரத்தை வெட்டிப் பழகுவதற்கே பக்கத்தில் ஓர் ஆள் வேண்டுமென்றால், தன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ளப் புறப்படும் பிள்ளைக்கு வேண்டாமா? இதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

நானும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். 1977-ஆம் ஆண்டு இறுதியில் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்தேன். எங்கள் வகுப்பில் மொத்தம் பதினொரு பேர். கணக்கில் முதல்வன் என் நண்பன். ஆசிரியர் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவான். அவன் வீடு இரண்டாவது டிவிஷனில். என் வீடு பெரிய லயத்தில். மறு ஆண்டு இருவரும் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தோம்.

பதினொரு பேர் இருந்த வகுப்பிலிருந்து ஆயிரம் பேர் படிக்கும் பள்ளிக்குப் போனால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பாடமெல்லாம் மலாய் மொழியில். ஆசிரியர் என்ன கேட்கிறார் என்றே புரியாமல் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்போம். இருவருக்கும் ஒரே நிலைமைதான். ஆனால் எனக்கு ஒருவர் இருந்தார்.

எங்கள் லயத்தில் குடியிருந்த லாரி ஓட்டுநர் அவர். நாங்கள் அண்ணன் என்றே அழைப்போம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர் அல்லர். தினமும் பட்டணம் போய் வருவதால் நாலு இடம் தெரிந்தவர், நாலு பேரைப் பழக்கம் செய்து வைத்திருந்தவர். பள்ளி திறந்த முதல் நாள் என்னை அழைத்துப் போய், பஸ் எங்கே நிற்கும், அலுவலகம் எங்கே இருக்கிறது என்று காட்டினார். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் தம் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, இந்த வாரம் எது புரியவில்லை?" என்று கேட்பார். நான் சொல்லும் பாடம் அவருக்கும் தெரியாது. ஆனால் யாருக்குத் தெரியும் என்பது தெரியும். சின்னக் கிராணியிடம் அழைத்துச் சென்று, "ஐயா, இந்தப் பையனுக்கு மலாய்ப் பாடத்தைக் கொஞ்சம் சொல்லிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். அப்படித்தான் நான் கரை ஏறினேன்.

இரண்டாவது டிவிஷனில் அப்படி ஒருவர் இல்லை. அவ்வாண்டு பாதியிலேயே என் நண்பன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு திருமண வீட்டில் அவனைச் சந்தித்தேன். பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்: "முதலில் இரண்டு நாள்தான் போகாமல் இருந்தேன். ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டிருந்தால் மறுநாள் போயிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்."

நேயர்களே, இதில் நான் யாரைக் குறை சொல்வது? அவன் பெற்றோர் விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்விடுகிறவர்கள். பிள்ளை பஸ் ஏறினானா, பாதி வழியில் இறங்கினானா என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வகுப்பாசிரியருக்கோ நாற்பது பிள்ளைகள். பையனுக்கோ வயது பதின்மூன்று. எல்லாரும் அவரவர் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். இடையில் ஒரு பிள்ளை நழுவி விழுந்ததை மட்டும் எவரும் பார்க்கவில்லை. "கேட்பாரற்ற" என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தச் சொல்லின் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது.

முன்பு தோட்டத்தில் கேட்பதற்கு ஆள் இருந்தார்கள். தண்டல் கேட்பார், கோயில் தலைவர் கேட்பார், வாத்தியார் லயத்துக்கே வந்து கேட்பார். இளைஞர்கள் கூடும் இடங்களும் இருந்தன. கோ. சாரங்கபாணி அவர்களின் தமிழ் முரசு நாளிதழ் 1950-களில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதியைத் தொடங்கியது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அதில் எழுதிப் பழகினார்கள். பின்னர் ஊர் ஊராகத் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் எழுந்தன. மேடையில் பேசவும், கணக்கு வழக்கு எழுதவும், கூட்டம் நடத்தவும் அங்கே மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் கற்றார்கள்.

இன்று நிலைமை வேறு. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் சிதறிப் போயின. தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கோ அக்கம்பக்கத்தில் பழைய முகங்கள் குறைந்துவிட்டன. வருமானம் கூடியிருக்கலாம், கைப்பேசி எல்லார் கையிலும் இருக்கலாம். ஆனால், "ஏன் தம்பி, இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லையா?" என்று உரிமையோடு கேட்கும் குரல் குறைந்துவிட்டது.

இன்னொரு மாற்றமும் உண்டு. முன்பு ஆறாம் வகுப்பில் ஒரு பொதுத்தேர்வு இருந்தது. படிவம் மூன்றில் ஒன்று இருந்தது. பிள்ளை பின்தங்கினால் அவை பெற்றோருக்கு மணி அடித்துச் சொன்னதுபோல் இருந்தன. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-லும், பி.டி.3 தேர்வு 2022-லும் நிறுத்தப்பட்டன. பள்ளிகள் தரும் மதிப்பீட்டு அறிக்கை வீட்டுக்கு வருகிறது. அதைப் படித்துப் பொருள் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே!

சரி, நாம் என்ன செய்யலாம்? நான் சொல்வதற்குக் கட்டடம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கோயில் குழுவோ, மாதர் குழுவோ, இளைஞர் மன்றமோ கூடி உட்கார்ந்து, நம் ஊரில் பன்னிரண்டு வயதுமுதல் இருபது வயதுவரை உள்ள பிள்ளைகள் எல்லாருடைய பெயரையும் அதில் எழுதுங்கள். யார் எந்த வகுப்பு, யார் நின்றுவிட்டார், யார் சும்மா இருக்கிறார் என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஓர் அண்ணன் அல்லது அக்காவின் பெயரை எழுதுங்கள். ஒருவருக்கு மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"எங்களுக்கே படிப்பில்லையே, நாங்கள் எப்படி வழிகாட்டுவது?" என்று சிலர் தயங்குவீர்கள். எங்கள் லாரி அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி பாடம் நடத்த வேண்டியதில்லை. கேட்க வேண்டும், கவனிக்க வேண்டும், தெரிந்தவரிடம் கொண்டுபோய் விட வேண்டும். கேட்கும் விதத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பேருக்கு விசாரித்தால் பிள்ளை பேருக்குத்தான் பதில் சொல்லும். நாலு பேர் முன்னால் அதட்டினால் உளி ஆழமாக இறங்கியது போலாகிவிடும். அந்த வடு வெகுநாள் போகாது.

எல்லா நாளும் விழிப்பாக இருப்பது நல்லது. ஆனால் இரண்டு காலங்களில் கண்ணை மூடவே கூடாது. ஒன்று, தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முதல் ஆண்டு. நாற்றுமேடையில் நிழலில் வளர்ந்த செம்பனைக் கன்றை எடுத்து வெயிலில் வைக்கிறோம் அல்லவா? அப்போது தண்ணீர் ஊற்ற மறந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த முதல் மூன்று மாதம் வாரந்தவறாமல் விசாரியுங்கள். ஒரு நாள் பள்ளிக்குப் போகவில்லையென்றால் அன்றே கேளுங்கள்.

மற்றொன்று, எஸ்.பி.எம். தேர்வு முடிந்து முடிவு வரும் காலம். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி, திறன் பயிற்சிக் கழகம் என்று வழிகள் பல. விண்ணப்பத்துக்கு இறுதி நாள் உண்டு. பெரும்பாலும் இணையத்தின் வழியேதான் விண்ணப்பிக்க வேண்டும். நாள் தவறியதால் ஓராண்டை இழந்து, அந்த ஓராண்டில் கிடைத்த கூலி வேலைக்குப் போய், பிறகு படிப்புப் பக்கமே திரும்பாத பிள்ளைகள் உண்டு. விண்ணப்ப நாள்களை எழுதிக் கோயில் பலகையில் ஒட்டுங்கள். அக்காவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எழுந்திருக்கட்டும்.

எஸ்.பி.எம். பற்றி ஒரு முக்கியச் செய்தி. மற்றப் பாடங்களில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழ் கிடைக்காது. வரலாற்றுக்கு இந்த விதி 2013-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் இந்தப் பாடங்களில் தவறியவர்கள் அவற்றை மட்டும் மீண்டும் எழுதலாம். இது தெரியாமல், "தோற்றுவிட்டேன், எல்லாம் முடிந்தது" என்று வீட்டில் முடங்கியிருக்கும் பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால், நாளைக் காலையிலேயே போய்ச் சொல்லுங்கள்.

படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டியலில் அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள். ஏட்டுப் படிப்பு ஏறாத பிள்ளைக்குக் கை வேலை நன்றாக வரலாம். மின்சாரக் கம்பி இணைப்பு, வாகனம் பழுதுபார்த்தல், பற்றவைப்பு, குளிர்சாதன வேலை, சமையல், தையல் என்று பல துறைகளில் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. எஸ்.கே.எம். என்று சொல்வார்கள். 2006-ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் இதற்கு அடிப்படை. மொத்தம் ஐந்து படிகள். முதல் மூன்று படிகளில் சான்றிதழ், நான்காவதில் டிப்ளோமா, ஐந்தாவதில் உயர்நிலை டிப்ளோமா. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை எஸ்.பி.எம். இல்லாமலும் கீழ்ப்படியில் தொடங்கலாம்.

"வீட்டில் பணமுடை, பையன் சம்பாதித்தால்தானே அடுப்பு எரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதினாறு வயதுப் பிள்ளை வேலைக்குப் போவது சோம்பலால் அல்ல. குடும்பத்தின் மேலுள்ள பாசத்தால். அப்படிப்பட்டவர்களுக்கும் பயன்படும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பயிற்சியின் பெரும் பகுதி, அதாவது நூற்றுக்கு எழுபது முதல் எண்பது பங்கு, வேலையிடத்திலேயே நடக்கும், மிச்சம் வகுப்பில். ஒரு கையில் தொழில், மறு கையில் சான்றிதழ். இன்னொரு வழியும் உண்டு. பட்டறையில் பல ஆண்டு வேலை செய்து தொழில் கற்றுக்கொண்ட, ஆனால் தாள் ஒன்றும் இல்லாத இளைஞர், தம் அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டித் திறன் சான்றிதழ் பெற விண்ணப்பிக்கலாம். இருபத்தைந்து வயதானாலும், முப்பது வயதானாலும் அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சரியாக இருக்க வேண்டும். அதுதான் பத்திரம். பிறப்புப் பத்திரம் எங்கோ தொலைந்தது, பெயர் மாறிப் பதிந்திருக்கிறது, பிள்ளை பிறந்ததையே பதியவில்லை என்ற குறைகளால் தோட்டப்புறத்தில் எத்தனையோ பிள்ளைகள் அவதிப்பட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும். பதினெட்டில் அதைப் புதுப்பிக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் இதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். குறை இருந்தால் தேர்வு ஆண்டு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பெற்றோரோடு பதிவு இலாகாவுக்குத் துணைக்குப் போங்கள்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அவள் படித்தது போதும்" என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் பயம்தான் இருக்கிறது. பஸ் தூரம், இருட்டும் நேரம், ஊர்ப் பேச்சு. அந்தப் பயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. வழியைத்தான் தேட வேண்டும். ஒரே பக்கம் போகும் மூன்று பெண்கள் சேர்ந்து போகட்டும். முன்பே விடுதியில் தங்கிப் படித்த அக்கா ஒருவர் வந்து தாயிடம் பேசட்டும். நாம் அரை நாள் பேசிச் சாதிக்க முடியாததை அந்தப் பெண் பத்து நிமிடத்தில் சாதிப்பாள்.

வழிகாட்டுவோருக்கும் வரம்பு வேண்டும். பிள்ளைகளைச் சந்திப்பது கோயில் மண்டபம், பொது மண்டபம், வீட்டு அஞ்சடி போன்ற திறந்த இடமாக இருக்கட்டும். பூட்டிய அறை வேண்டாம். இரண்டு பெரியவர்களாவது அங்கே இருக்கட்டும். பெண்பிள்ளைகளுக்கு அக்காமார்களே பொறுப்பேற்கட்டும். பிள்ளைகளைத் தவறான நோக்கத்தோடு பழக்கிக்கொள்வதையே குற்றமாக்கும் சட்டம் 2017-ஆம் ஆண்டு நம் நாட்டில் வந்துவிட்டது. பிள்ளை ஒன்று துன்பத்தைச் சொன்னால் நம்புங்கள், மூடி மறைக்காதீர்கள். 15999 என்ற தாலியான் காசிஹ் எண்ணை இரவு பகல் எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

நேயர்களே, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று ஐயம் வரலாம். நம் மக்கள் இதைவிடப் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறார்கள். 1950-களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாதம் 10 வெள்ளி என்று கட்டி 100 வெள்ளிப் பங்கைச் சேர்த்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். அவர்கள் பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மாதம் பத்து வெள்ளியால் தோட்டம் வாங்கிய மக்களால், வாரம் ஒரு மணி நேரத்தால் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாதா?

1982-ஆம் ஆண்டில் டாக்டர் எம். தம்பிராஜா அவர்கள் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்கு இளையவர்களுக்கு வழிகாட்டிப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களிடம் படித்துப் பல்கலைக்கழகம் சென்றவர்களில் பலர் திரும்பி வந்து அடுத்த பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். கடனை மேலே திருப்பிக் கொடுக்காமல் கீழே இறக்கிக் கொடுக்கும் பழக்கம் அது.

எங்கள் லாரி அண்ணனுக்கு நான் என்ன திருப்பிக் கொடுத்தேன் என்று பல நாள் யோசித்ததுண்டு. என் முதல் சம்பளத்தில் வேட்டி சட்டை வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். பிறகு, "அடுத்த லயத்தில் ஒரு பையன் இருக்கிறான், அவனைப் போய்ப் பார்" என்றார். அவரிடம் கற்ற கடைசிப் பாடம் அதுதான்.

தோட்டத்தை விட்டுப் போய் நல்ல நிலையில் இருக்கும் தம்பி தங்கைகளே, தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊருக்கு வருகிறீர்கள். வரும்போது பலகாரத்தோடு ஒரு மணி நேரத்தையும் கொண்டு வாருங்கள். நீங்கள் எப்படிப் படித்தீர்கள், எங்கே தடுக்கி விழுந்தீர்கள், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் கைப்பேசியில் ஒரு பிள்ளையையாவது வாரம் ஒருமுறை விசாரியுங்கள்.

பெற்றோர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் கூடுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தை எழுதுங்கள். பட்டியலை முடித்ததும் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். விடுபட்டுப் போன பெயர் ஒன்று இருக்கும். லயத்தின் கோடியில், இரண்டாவது டிவிஷனில், யாருடைய நினைவுக்கும் வராத ஒரு பிள்ளை. அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள்.

மீண்டும் ஒரு மாலையில் சந்திப்போம்.